விளக்கை அணைப்பதா வைத்தியம்?

ஸ்ரீரங்கத்தில், உத்திர வீதியில் ஒரு பெரியவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணி ஓய்வு பெற்றவர். டிஎன் 48 நம்பரில் ஒரு சின்ன பெட்ரோல் கார் வைத்திருக்கிறார். எட்டு வயது (காருக்கு!). காலையில் அம்மா மண்டபம் வரை போவார். வாரத்தில் இரண்டு நாள் காவிரிப் பாலம் தாண்டி சத்திரம் பக்கம். மாதம் ஒரு தடவை தில்லைநகரில் டாக்டர். அந்தக் காரின் உலகமே அவ்வளவுதான்.

ஒரு நாள் பாலத்தின் நடுவில் வண்டிகளுக்கு இடையே மாட்டிக்கொண்டு நிற்கும்போது, டேஷ்போர்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கு எரிகிறது. எஞ்சின் படம் போட்ட விளக்கு. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. சத்தம் இல்லை, கண்ணுக்குத் தெரிகிற புகை இல்லை. ஆனால் விளக்கு மட்டும் அணையவில்லை.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறார். மெக்கானிக் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகுகிறார்.

"எரர் காட்டுது சார். ஏதோ சென்சாரா இருக்கும். அழிச்சு விட்டுடறேன்."

"மறுபடி வந்தா தம்பி?"

"வந்தா வாங்க சார், மறுபடி அழிச்சுக்கலாம்."

இருநூறு ரூபாய். விளக்கு அணைந்தது. பெரியவர் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்.

பெரியவர் கற்பனை. காட்சி கற்பனை இல்லை. சொந்தமாகக் கார் வைத்திருக்கும் மாமா, சித்தப்பா யாரையாவது கேட்டுப் பாருங்கள். இதே வசனம், இதே இருநூறு ரூபாய், இதே நிம்மதி!

வீட்டில் காஸ் கசிகிறது என்று நாசிக்குத் தெரிந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு தூங்கப் போவார்களா? ஜுரம் என்று தெர்மாமீட்டர் காட்டினால் உதறிப் பாதரசத்தைக் கீழே இறக்கிவிட்டு "குணமாயிடுச்சு" என்று சொல்வார்களா? காரில் மட்டும் இது வைத்தியமாக ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. அதற்கு பில்கூட போடுகிறார்கள்.

அந்த விளக்கு யாருக்காக எரிகிறது?

பலர் நினைப்பதுபோல அது எஞ்சினைக் காப்பாற்ற மட்டும் வைத்த விளக்கு இல்லை. எஞ்சின் ஆயில் அழுத்தம் குறைந்தால் எரிவது வேறு விளக்கு. சூடு ஏறினால் எரிவது வேறு. இந்த ஆரஞ்சு விளக்கை சட்டம் வைக்கச் சொன்னதற்கு முதல் காரணம் புகை. வண்டி வெளியே விடும் நச்சு வாயு வரம்பு மீறப் போகிறது என்று ஓட்டுநருக்குச் சொல்வதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது. இந்தியாவில் பிஎஸ்-4 கார்களுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்டமாகவும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமாகவும் இந்தத் தற்காணிப்பு முறை கட்டாயம் ஆனது. 2017 ஏப்ரலில் பிஎஸ்-4 நாடு முழுவதற்கும் வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6.

ஆக, அந்த விளக்கு காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்காக எரியவில்லை. காருக்குப் பின்னால் நடந்து வருகிறவருக்காக எரிகிறது. காருக்குப் பின்னால் நடப்பவரால் டேஷ்போர்டைப் பார்க்க முடியாது. அவருக்கு வந்த கடிதத்தைத்தான் பெரியவர் இருநூறு ரூபாய் கொடுத்துக் கிழித்துப் போட்டுவிட்டு வருகிறார்.

சித்திரை வீதியையும் உத்திர வீதியையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். வீட்டுத் திண்ணைக்கும் வண்டிக்கும் இடைவெளி எவ்வளவு என்று. ஏழு பிராகாரம் என்று பெருமையாகச் சொல்கிற ஊரில், வெளிப் பிராகாரங்களின் வீதிகளில்தான் மக்கள் குடியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் முகம் ஏறக்குறைய சைலன்சர் குழாயின் மட்டத்துக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. திருவிழா நாளில் கூட்டமும் வண்டியும் சேர்ந்து நகரும்போது என்ன சுவாசிக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

கன்வெர்ட்டர் என்றொரு ஏழை வேலைக்காரன்

பெரியவரின் காரில் வந்த கோட் பி0420 என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் கார்களில் அடிக்கடி அடிபடும் எண் இது. கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் வரம்புக்குக் கீழே போய்விட்டது என்பது அதன் பொருள்.

சைலன்சர் குழாயில் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு இரும்பு டப்பாதான் கன்வெர்ட்டர். உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான். அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. கார்பன் மோனாக்சைடு உள்ளே போனால் கார்பன் டை ஆக்சைடாக வெளியே வரும். எரியாத பெட்ரோல் ஆவி, நீராவியாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறும். நைட்ரஜன் ஆக்சைடுகள் வெறும் நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். சூடேறிய நல்ல கன்வெர்ட்டர் இந்த மூன்றிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பிடித்துவிடும். சம்பளம் இல்லை, லீவு இல்லை.

இந்த வேலைக்காரனுக்காக இந்த நாடு ஒரு காலத்தில் பெட்ரோலையே மாற்றியது. பழைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் பட்டால் கன்வெர்ட்டர் செத்துவிடும். 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானபோது கூடவே ஈயம் இல்லாத பெட்ரோலும் வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் ஒழிந்தது. சுத்திகரிப்பு ஆலைகளை மாற்றி, கோடி கோடியாகச் செலவழித்துக் காப்பாற்றிய ஒரு பொருளைத்தான் இன்று ஒரு வெல்டிங் மெஷினும் அரை மணி நேரமும் இருந்தால் குடைந்து எறிந்துவிடுகிறார்கள்!

கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று கார் எப்படிக் கண்டுபிடிக்கிறது? முன்வாசலில் ஒரு கணக்குப்பிள்ளை, பின்வாசலில் ஒரு கணக்குப்பிள்ளை. இரண்டும் ஆக்சிஜன் சென்சார்கள். முன்னால் இருப்பதன் அளவு விடாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டர் ஆக்சிஜனை வாங்கி வைத்து, வேண்டும்போது கொடுத்து, அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்துவிடும். அதனால் பின்னால் இருப்பதன் அளவு ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்க வேண்டும். முன்வாசலில் இருக்கிற ஆட்டம் பின்வாசலிலும் அப்படியே தெரிந்தால், நடுவில் இருப்பவர் வேலை செய்யவில்லை என்று கார் முடிவு கட்டுகிறது. விளக்கு எரிகிறது.

கவனியுங்கள். கார் முடிவு கட்டுகிறது என்பதுதான் விஷயம். கார் சொல்வது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. கோட் என்பது புகார் மட்டுமே. தீர்ப்பு சொல்வது மெக்கானிக்கின் வேலை.

மூன்று வகை வைத்தியர்கள்

முதல் வகை, அழிப்பவர். இவரைப் பார்த்துவிட்டோம். காமர்ஸ் வகுப்பு நண்பர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், இவர் டிரையல் பேலன்ஸ் ஒத்துப்போகவில்லை என்றதும் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு ஊருக்குப் போகிற ஆள். சஸ்பென்ஸ் கணக்கு தற்காலிகம் என்று முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் அது நிரந்தரம்.

இரண்டாம் வகை, மாற்றுபவர். இவர் பார்ப்பதற்கு மிக நேர்மையானவராகத் தெரிவார். கோட் "கன்வெர்ட்டர்" என்றதா? கன்வெர்ட்டரை மாற்று. "சென்சார்" என்றதா? சென்சாரை மாற்று. பல ஆயிரம் ரூபாய் போகும். புதுக் கன்வெர்ட்டர் என்றால் சில கார்களுக்கு அரை லட்சத்தைத் தாண்டும். ஆறு மாதம் கழித்து அதே விளக்கு, அதே கோட். ஏன்? பழைய கன்வெர்ட்டர் தானாகச் சாகவில்லை. யாரோ கொன்றார்கள். கொலைகாரன் இன்னும் எஞ்சினுக்குள்தான் இருக்கிறான். புதியதையும் கொன்றான்.

மூன்றாம் வகை, கழற்றுபவர். "எதுக்கு சார் அம்பதாயிரம்? உள்ள இருக்கறத குடைஞ்சு எடுத்துட்டு வெறும் டப்பாவ மாட்டிடலாம். பிக்கப்பும் நல்லா இருக்கும்." பின்னால் இருக்கும் சென்சார் காட்டிக்கொடுக்காமல் இருக்க, அதைக் குழாயிலிருந்து சற்றுத் தள்ளி உட்கார வைக்கும் ஒரு சின்னத் துண்டு. அல்லது கணினியிலேயே அந்தச் சோதனையை முடக்கிவிடும் சாஃப்ட்வேர். டீசல் கார் என்றால் இஜிஆர் வால்வுக்குத் தகடு வைத்து அடைப்பது, கரித்துகள் வடிகட்டியான டிபிஎஃப்பைக் குடைவது.

இதில் ஒரு ருசிகரமான கேள்வி இருக்கிறது. கழற்றிய பழைய கன்வெர்ட்டர் எங்கே போகிறது? அதில் இருக்கும் பிளாட்டினத்துக்கும் பல்லேடியத்துக்கும் ரோடியத்துக்கும் விலை உண்டு. பழைய கன்வெர்ட்டரை வாங்குவதற்கென்றே ஸ்கிராப் வியாபாரம் நடக்கிறது. பெரியவரின் பில்லில் கழற்றுக் கூலி இருக்கும், வெல்டிங் கூலி இருக்கும். பழைய பொருளின் மதிப்பு என்று வரவுப் பக்கத்தில் ஒரு வரி இருக்குமா? இருக்காது. தன் கையில் இருந்த மதிப்புள்ள பொருளைக் கொடுத்து, கூடவே கூலியும் கொடுத்து, நஞ்சை வாங்கிக்கொண்டு வருகிற வியாபாரத்தை எந்த பேலன்ஸ் ஷீட்டில் எழுதுவது?

இது சட்டப்படியும் குற்றம். தயாரித்தவர் கொடுத்த அமைப்பை இப்படி மாற்றக்கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. மாசு வரம்பை மீறினால் 190(2) பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதித்தான் இருக்கிறது.

சரியான வைத்தியம் எப்படி இருக்கும்?

இது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. பொறுமை மட்டும்தான் வேண்டும்.

முதலில் கோடை அழிக்கவே கூடாது. கோட் பதிவான அந்த நொடியில் வண்டி என்ன வேகத்தில் போனது, எஞ்சின் சூடு எவ்வளவு, எத்தனை ஆர்பிஎம் என்று கார் ஒரு புகைப்படம் மாதிரிப் பதிந்து வைத்திருக்கும். அதைப் படித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். சாட்சியைக் கொன்றுவிட்டு வழக்கு நடத்த முடியாது.

அடுத்து, கூட வேறு கோட் இருக்கிறதா? பி0300-இல் தொடங்கும் வரிசை இருந்தால் மிஸ்ஃபயர். அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் நேராகக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். பீங்கான் உருகும். கொலைகாரர்களில் முதலாமவன் இவன்தான். தேய்ந்த ஸ்பார்க் பிளக், இற்றுப்போன இக்னிஷன் காயில் என்று சில நூறிலோ ஓரிரு ஆயிரத்திலோ முடிகிற வேலையைத் தள்ளிப் போட்டவர்தான் பின்னால் ஐம்பதாயிரம் கட்டுகிறார். (விளக்கு நிலையாக எரியாமல் விட்டு விட்டுக் கண் சிமிட்டினால் இதுதான் நடக்கிறது என்று பொருள். அப்போது வண்டியை விரட்டாமல் ஓரங்கட்டி நிறுத்துவதுதான் நல்லது.)

மூன்றாவது, சைலன்சர் குழாயில் ஓட்டை. கேஸ்கெட் போயிருந்தாலோ இணைப்பில் விரிசல் இருந்தாலோ வெளிக்காற்று உள்ளே புகுந்து சென்சாரைக் குழப்பும். கன்வெர்ட்டர் நன்றாக இருக்கும்போதே "செத்துவிட்டது" என்று கார் புகார் எழுதும். சோப்பு நீர் தெளித்தோ, புகை செலுத்தியோ கசிவைக் கண்டுபிடித்துவிடலாம். நிரபராதியைத் தூக்கில் போடும் முன் இந்த ஒரு சோதனையாவது செய்ய வேண்டாமா?

நான்காவது, எரிபொருள் கணக்கு. காற்றுக்கு ஏற்ற பெட்ரோலைக் கணினி எவ்வளவு கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்பதை ஸ்கேனரில் சதவீதமாகப் பார்க்கலாம். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நலம். பத்து சதவீதத்துக்கு மேல் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தால் வேறு எங்கோ நோய் இருக்கிறது. வெடித்த வேக்கம் ஹோஸ், ஒழுகும் இன்ஜெக்டர், அழுக்கேறிய காற்று அளவி என்று தேட வேண்டும். எஞ்சின் ஆயில் குறைந்துகொண்டே வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். எரிந்த ஆயில் கன்வெர்ட்டரின் பூச்சை மூடிவிடும்.

இவை எல்லாம் சரி என்று ஆன பிறகு, எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, 2,500 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு, இரண்டு சென்சார்களின் கோட்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பின்னது முன்னதைப் போலவே ஆடினால் அப்போது எழுதலாம் தீர்ப்பு.

டீசலில் வடிகட்டி அடைத்துக்கொண்டால் அதற்கும் இப்படி ஒரு ஒழுங்கு உண்டு. ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம், சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம் என்று இரண்டாம் கியரிலேயே ஓடும் காரில் டிபிஎஃப் அடைக்காமல் என்ன செய்யும்? உள்ளே சேரும் கரியை எரித்துச் சாம்பலாக்க அதற்கு சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். பல வண்டிகளின் கையேட்டிலேயே வழி எழுதியிருக்கிறது. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள் என்று. சென்னை நெடுஞ்சாலையில் சமயபுரம் தாண்டி ஒரு ஓட்டம் ஓட்டித் திரும்பினால் தீர்ந்துபோகக்கூடிய விஷயத்துக்கு, வடிகட்டியையே வெட்டி எறியச் சொல்பவரை வைத்தியர் என்பதா?

தணிக்கை செய்யாத ஆடிட்டர்

"அதெல்லாம் சரி, வருஷா வருஷம் பொல்யூஷன் சர்டிபிகேட் எடுக்கறோமே? அதுல தெரிஞ்சிடாதா?"

இங்கேதான் பெரிய வேடிக்கை.

புகைச் சான்றிதழ் சோதனையில் பிஎஸ்-4 பெட்ரோல் காருக்கு என்ன பார்க்கிறார்கள்? வண்டி நின்ற இடத்தில் ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள், எரியாத ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 200 பங்குக்குள். பிறகு ஆர்பிஎம்மை ஏற்றிப் பிடித்து இன்னொரு அளவு. டீசலுக்குப் புகையின் கறுப்பு மட்டும். நுரையீரலை அரிக்கும் நைட்ரஜன் ஆக்சைடைப் பார்ப்பதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்துகளின் எண்ணிக்கையும் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, காரே தன் குற்றத்தை எழுதி வைத்திருக்கும் அந்தக் கணினியை யாரும் திறந்து பார்ப்பதில்லை! ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்போதும் "பாஸ்" வாங்கலாம்.

கணக்குப் புத்தகத்தைத் திறக்காமல், கடை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "கணக்குகள் உண்மையாகவும் நியாயமாகவும் உள்ளன" என்று கையெழுத்துப் போடும் ஆடிட்டரை என்ன சொல்வீர்கள்?

அந்த எட்டிப் பார்ப்பதாவது ஒழுங்காக நடக்கிறதா? தலைநகரின் கதையைக் கேளுங்கள். டெல்லியின் வாகன மாசு பற்றி இந்திய கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2025 ஏப்ரலில் அங்கே சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. வரம்பை மீறிப் புகை விட்டும் சான்றிதழ் வாங்கிய வண்டிகள் ஒரு லட்சத்துக்கும் மேல். சோதனை, சான்றிதழ் எல்லாமே ஒரே நிமிடத்தில் முடிந்த சம்பவங்கள் 76 ஆயிரத்துக்கும் மேல். ஒரே மையத்தில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளைச் சோதித்ததாகக் காட்டிய பதிவுகள் ஆயிரக்கணக்கில். உச்சநீதிமன்றம் முதல் ஊர் உலகமே கவனிக்கும் டெல்லியிலேயே இந்த லட்சணம் என்றால், மற்ற ஊர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? "வண்டியே போக வேணாம், நம்பர் சொன்னா போதும்" என்று பெருமையாகச் சொல்பவர் எந்தத் தெருவில் இல்லை?

மேலே இருந்து கசக்கிப் பிழிந்தும் பார்த்தார்கள். புகைச் சான்றிதழ் இல்லாமல் வாகனக் காப்பீட்டைப் புதுப்பிக்கக் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அதனால் ஏகப்பட்ட வண்டிகள் காப்பீடே இல்லாமல் ஓடுகின்றன, விபத்தில் அடிபட்டவருக்கு இழப்பீடு கிடைக்காமல் போகிறது என்று முறையிட்டதும், 2024 ஜூலையில் அந்த நிபந்தனையை நீதிமன்றமே எடுத்துவிட்டது. காகிதத்தை இன்னொரு காகிதத்தோடு முடிச்சுப் போட்டால் காற்று சுத்தமாகாது என்பதுதான் அதில் கற்க வேண்டிய பாடம்.

ஃபோக்ஸ்வாகனைத் திட்டியவர்கள் கொஞ்சம் கண்ணாடி பார்க்கவும்

2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தன் டீசல் கார்களில் ஒரு தந்திர மென்பொருளை வைத்திருக்கிறது, சோதனைக் கூடத்தில் இருக்கிறோம் என்று தெரிந்தால் கார் நல்ல பிள்ளையாக நடக்கும், சாலைக்கு வந்தால் வரம்பைப்போல் 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடு விடும் என்றது. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள். இந்தியாவில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் திரும்ப அழைப்பதாக அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்தார்கள். 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உச்சநீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது.

இந்தத் திருட்டுக்குத் துப்புக் கொடுத்தது எது தெரியுமா? மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சின்னக் குழு, அளவுக்கருவியைக் காரின் பின்னால் ஏற்றிக்கொண்டு சாலையில் ஓட்டிப் பார்த்தது. அவ்வளவுதான். நின்ற இடத்தில் அளக்காமல், ஓடுகிற இடத்தில் அளந்தார்கள்.

அன்று "கார்ப்பரேட் அயோக்கியத்தனம்" என்று டீக்கடைகளில் பொங்கியவர்கள் எத்தனை பேர்! அதே ஆட்கள் இன்று தன் காரின் சென்சாருக்குத் துண்டு வைத்து, சாஃப்ட்வேரில் சோதனையை முடக்கி, சான்றிதழை வீட்டுக்கே வரவழைக்கிறார்கள். அவர்கள் செய்தால் மோசடி. இவர்கள் செய்தால் சாமர்த்தியம். என்ன வித்தியாசம்? ஃபோக்ஸ்வாகன் வாடிக்கையாளருக்குத் தெரியாமல் செய்தது. இங்கே வாடிக்கையாளரே காசு கொடுத்துச் செய்யச் சொல்கிறார்.

வழக்கமாக வரும் பதில்கள்

"அரியமங்கலம் குப்பைக்கிடங்கு எரிஞ்சப்ப வராத புகையா? பஸ்ஸு, லாரி விடாத புகையா? ஒரு சின்ன கார்ல என்ன ஆயிடப் போவுது?"

குப்பை எரிந்தது தப்பு. பஸ் கறுப்பாகப் புகை விட்டால் அதுவும் தப்பு. அதற்காக இந்தத் தப்பு எப்படிக் குறையும்? பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் குப்பை கொட்டுகிறார் என்று யாராவது தன் வீட்டுக் கூடத்தில் கொட்டிக்கொள்வார்களா? தவிர, கறுப்புப் புகையைக் கண்டால் ஒதுங்கிப் போகலாம். கன்வெர்ட்டர் இல்லாத பெட்ரோல் காரின் புகை கண்ணுக்கே தெரியாது. தூய காற்றுத் திட்டத்தின் 131 நகரங்கள் பட்டியலில் திருச்சியும் இருக்கிறது என்பதை இந்த வாதம் பேசுபவர்கள் ஒரு தரம் நினைத்துக்கொள்ளட்டும்.

"கன்வெர்ட்டர எடுத்தா மைலேஜ் கூடும்."

அடைத்துப்போன கன்வெர்ட்டரை எடுத்தால் வண்டி இலகுவாக ஓடும், உண்மைதான். மூக்கடைப்பு போனால் யாருக்கும் இலகுவாகத்தான் இருக்கும். அதற்கு மூக்கையே அறுக்க வேண்டியதில்லை. நன்றாக இருக்கும் கன்வெர்ட்டரை எடுத்து சாதாரணக் காரில் கிடைக்கும் லாபம் பேச்சில்தான் பெரிது. சத்தம் கூடியதை வேகம் கூடியதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

"மெக்கானிக் பாவம் சார், அவர் என்ன பண்ணுவார்?"

இது ஒன்றுதான் நியாயமான கேள்வி. இதற்குத்தான் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும்.

குற்றவாளி பில்லில் இருக்கிறான்

ஒர்க்‌ஷாப் பில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஸ்பேர் விலை இருக்கும். மாற்றுக் கூலி இருக்கும். "கண்டுபிடித்த கூலி" என்று ஒரு வரி இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. போட்டால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். "ஒண்ணுமே மாத்தலையே, எதுக்குய்யா எண்ணூறு ரூபா?" என்பார்.

டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்கிறவர்கள், மருந்துக் கடைக்கும் தனியாகப் பணம் கொடுக்கிறார்கள். டாக்டருக்கு ஃபீஸே கிடையாது, மாத்திரை விற்றால்தான் சாப்பாடு என்று ஆக்கிவிட்டால் என்ன நடக்கும்? தலைவலிக்கு மூன்று மாத்திரை எழுதுவார். காருக்கு நடப்பது இதுதான். ஒரு மணி நேரம் குனிந்து கசிவைத் தேடிக் கண்டுபிடித்து, சின்ன கேஸ்கெட் ஒன்றை மாற்றும் மெக்கானிக்குக் கிடைப்பது கேஸ்கெட் மாற்றும் கூலி மட்டும். ஒரு நிமிடத்தில் கோடை அழிப்பவருக்கு இருநூறு. கன்வெர்ட்டரைக் குடைபவருக்குக் கூலியும் ஸ்கிராப்பும். எந்த வேலைக்கு யார் போவார்கள்? ஊக்கத்தொகையைத் தப்பான இடத்தில் வைத்தால் திறமை தப்பான இடத்துக்குத்தான் போகும். பொருளாதாரப் பாடத்தில் இதைப் படித்து மார்க் வாங்குபவர்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் மறந்துவிடுகிறார்கள்.

பெரியவர் இருநூறு ரூபாய் மிச்சம் பிடித்தார் என்று நினைப்பது தவறு. செலவு மறையவில்லை, கை மாறியது. உத்திர வீதியில் இழுப்புப் பம்பை மூக்கில் வைத்துக்கொள்ளும் பிள்ளையின் வீட்டுக் கணக்கில் அது ஏறுகிறது. அந்த வீட்டுக்கு பில் மட்டும் வரும், காரணம் வராது.

ஆகவே கேட்க வேண்டியவை இரண்டே.

அரசிடம்: புகைச் சோதனை மையத்தில் ஸ்கேனரைச் செருகச் சொல்லுங்கள். விளக்கு எரிகிறதா, கோட் இருக்கிறதா, கோடை அழித்து எத்தனை கிலோமீட்டர் ஆனது, காரின் தற்சோதனைகள் முடிந்தனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். நேற்று அழித்திருந்தால் தற்சோதனைகள் முடிவடையாமல் இருக்கும். அழித்தவனின் கைரேகை அதில் இருக்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் 1996-க்குப் பிறகு வந்த கார்களுக்கு இப்படித்தான் சோதிக்கிறார்கள். தற்சோதனை முடியாத காரை "போய் ஓட்டிவிட்டு வா" என்று திருப்பி அனுப்புகிறார்கள். சாதாரண ஸ்கேனர் ஒன்றின் விலை ஆயிரம் ரூபாய்க்குள்கூடக் கிடைக்கிறது. பணம் ஒரு காரணமே இல்லை.

கார் வைத்திருப்பவரிடம்: பார்ப்பதற்குக் காசு கொடுங்கள். கோடை எழுதித் தரச் சொல்லுங்கள். எதைச் சோதித்தார், என்ன அளவு வந்தது என்று கேளுங்கள். கழற்றிய பழைய பொருளைக் கையில் வாங்குங்கள். வாரண்டி புத்தகத்தில் உமிழ்வு வாரண்டி என்று ஒரு பக்கம் இருந்தால் ஸ்பேர் வாங்கும் முன் அதைப் படியுங்கள்.

பெரியவரிடம் திரும்புவோம். நான்கைந்து நாள் கழித்து அம்மா மண்டபம் வாசலில் மறுபடி அந்த விளக்கு எரியும். எரிந்தே தீரும், ஏனென்றால் எதுவும் சரியாகவில்லை. அப்போது அவர் மறுபடி இருநூறு ரூபாயை நீட்டலாம். அல்லது இப்படிச் சொல்லலாம்:

"அழிக்காத தம்பி. எதனால வருதுன்னு பாரு. பார்க்கறதுக்கு என்ன கூலியோ அதைத் தனியா வாங்கிக்க."

கேஸ்கெட்டாக இருக்கலாம், காயிலாக இருக்கலாம், கன்வெர்ட்டராகவே இருக்கலாம். எதுவாக இருந்தாலும், இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும் வாடிக்கையாளர் நூறு பேர் திருச்சியில் கிளம்பினால், கண்டுபிடிக்கத் தெரிந்த மெக்கானிக்குகள் தன்னால் கிளம்புவார்கள்.